தேசிங்கண்ணன் கையும் ஒரு மேல்முறையீடும்

1

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் திரையில் ஏழு வருஷமாக ஒரு ஆளின் உள்ளங்கை தெரிந்துகொண்டிருக்கிறது. விரித்து வைத்த வலது கை, சுண்டுவிரலில் வலை நரம்பு அறுத்த பழைய தழும்பு, படத்தின் இடது மேல்மூலையில் ஒரு குங்குமப் பொட்டு. அணைப்பதில்லை.

இப்படி ஆரம்பித்தால் இவள் பேய்க்கதை சொல்லப்போகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கே ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தது.

என் பேர் புவனா. பொன்னேரிக்காரி. ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் முடிந்துவிட்டது. ஊரில் இருக்கிறவர்கள் இங்கே என்னவோ தேனும் பாலும் ஓடுகிறது என்று எண்ணுகிறார்கள். இங்கே ஓடுவது நான்தான். குப்பையை நாலு டப்பாவாகப் பிரிக்க ஓட வேண்டும், தப்பாகப் பிரித்தால் பக்கத்து வீட்டம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று பாடம் நடத்துவாள். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால் கடிதம் வரும். எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு, அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதற்கும் ஒரு படிவம் உண்டு.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. முந்தின நாள் நானும் என் அளவுக்குப் பூஜை போட்டிருந்தேன். லேப்டாப், கார் சாவி, மிக்சி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என் மகள் யாழினிக்குப் பதினாலு வயசு. அவள் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தேன், அவள் அதை உடனே துடைத்துவிட்டாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் சார்ஜர் எடுக்க மாடியறைக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

“அம்மா, கை மாமாவோட சிவப்பு வேற இடத்துல நிக்குது.”

அவள் தமிழ் அப்படித்தான். ஜெர்மனில் யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கழற்றித் தமிழில் மாட்டுவாள். “பொட்டு நகர்ந்திருக்குன்னு சொல்லணும்டி” என்று அடுப்படியிலிருந்தே திருத்தினேன். திருத்தின பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது மண்டையில் ஏறியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏழு வருஷமாக ஒரே இடத்தில் காய்ந்து கிடந்த பொட்டு, ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி, கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. புதுசாகச் சிவந்து, ஓரத்தில் ஈரம் பளபளத்தது. கை மட்டும் அப்படியே இருந்தது.

யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் போகும் முன் அந்தக் கையில் தன் கையைத் தட்டிவிட்டுத்தான் போவாள். ‘கை மாமா’ அவள் வைத்த பேர். வளர்ந்த பிறகு ஏதாவது எடுப்பதற்குத் தவிர அந்த அறைக்கு வருவதில்லை. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெர்மனில் ஏதோ முனகினாள், பயமாக இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் மேலே வரும் அது. பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தப் படத்தில் பொட்டு நகர்ந்தால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். இப்போது எடுத்த படம் என்று அர்த்தம்.

2

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்தது வால்வு செய்கிற ஒரு கம்பெனியில். பொன்னேரியில் காலை வண்டி ஏறி, கவரைப்பேட்டை தாண்டும்வரை நின்றுகொண்டே போய், ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோவுக்கு முண்டியடித்து, ஆலைக்குள் நுழைவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும்.

வேலை இதுதான். இரும்பில் வார்த்த உருப்படி ஒவ்வொன்றையும் மேசையில் வைப்பார்கள். மேலே இருக்கும் கேமரா படம் எடுக்கும். அந்தப் படம் அதே நொடியில் மாடியில் தர அதிகாரியின் கம்ப்யூட்டரிலும், ஜெர்மனியில் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலும் தெரியும். விரிசல் இல்லை என்றால் அதிகாரி ‘சரி’ அழுத்துவார். படத்தைக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் அனுப்புகிற புரோகிராமை எழுதினவள் நான். உருப்படியைத் தூக்கி மேசையில் வைக்கிறவர் தேசிங்கு. பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். ஞாயிற்றுக்கிழமை வலை, மற்ற நாளெல்லாம் இரும்பு. என்னைவிடப் பத்து வயசு பெரியவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். கோபம் வந்தால் “இன்னாமே” என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது, என் பொறுமையைச் சோதிக்கவே பிறந்த வழக்கம். ஒரு தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ரெண்டாம் தடவையும் திரும்ப மாட்டார். மூணாவது தடவை தொண்டை கிழியக் கத்தினால், “இன்னா மேடம்?” என்று சாவகாசமாகத் திரும்புவார்.

“காது கேக்காதா உங்களுக்கு?”

“கேக்காம இன்னா? தண்ணில போறவன் மொத கூவலுக்குத் திரும்பக் கூடாது மேடம். அது ரெண்டு வாட்டிதான் கூப்டும். மூணாவது வாட்டியும் கூப்ட்டா அது மன்சன்.”

‘அது’ என்றால் எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே, அந்த பயம்தான்.

ஷிப்ட் ஆரம்பத்தில் கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் படம் எடுக்க வேண்டும். அவர் மேசையில் தன் கையை விரித்து வைப்பார். அது வந்துட்டேன் என்று அர்த்தம். ஷிப்ட் முடிந்ததும் இன்னொரு தடவை வைப்பார். அது போய்ட்டு வரேன். மாடியில் இருக்கிறவர்களுக்கு இது பழகிப்போய், கை தெரிந்தால்தான் டீ குடிக்கக் கிளம்புவார்கள்.

அப்போது எனக்கு ஒரு தலைவலி. நடுநடுவே இணைப்பு அறுந்துவிடும், திரை கறுப்பாகிவிடும், தர அதிகாரி மாடியிலிருந்து தட்தட்டென்று இறங்கி வந்து எங்கள் ஏழு தலைமுறையையும் இழுப்பார். சரி, படம் வரவில்லை என்றால் கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிரு என்று புரோகிராமில் எழுதினேன். திரை கறுப்பாவது நின்றது. ஆஹா என்று இருந்தோம். ஒரு மாசத்தில் விரிசல் விழுந்த உருப்படி ஒன்று ‘சரி’ வாங்கிக்கொண்டு போய், தண்ணீர் அழுத்திச் சோதிக்கும்போது பிளந்தது. அதிகாரி பார்த்துச் ‘சரி’ போட்டது முந்தின உருப்படியின் படத்தை. பழி வந்தது தேசிங்கண்ணன் தலையில்.

“நான் வெச்சது ஒண்ணு, அவுரு பாத்தது ஒண்ணு. என் மேல இன்னா தப்பு? ஒரே பேஜாரா போச்சு” என்று அவர் நாஷ்டாகூடத் தின்னாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தப்பு என் புரோகிராமுடையது. அதை நான் அன்றைக்கு எழுந்து நின்று சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று யாரோ ஆர்வக்கோளாறில் கேமராக் கண்ணாடிக்கே பொட்டு வைத்துவிட்டார்கள். நம்ம ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும்? எல்லாப் படத்திலும் மூலையில் சிவப்பு. அதிகாரி குதித்தார். எல்லோரும் துடைக்க ஓடினோம், தேசிங்கண்ணன் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் மேசை மூலையில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, அதில் குங்குமத்தை வைத்தார். ஒவ்வொரு உருப்படிக்கும் அதைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“மேல சொல்லிடு மேடம். பொட்டு நகுந்துச்சின்னா புதுப் படம். நகரலன்னா பழசு, அத்த நம்பாத.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு உருப்படிகூடத் தப்பவில்லை. குங்குமத்துக்குப் பதில் கம்ப்யூட்டரே மூலையில் ஒரு புள்ளியை வைத்து நகர்த்துகிற மாதிரி நான் புரோகிராமை மாற்றினேன். அண்ணனுடைய மேசைக் கம்ப்யூட்டர் அரதப் பழசு, அதில் புதுசு ஏறவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. “உன் புள்ளி உனுக்கு, என் பொட்டு எனுக்கு” என்றார்.

3

நான் இங்கே தலைமை அலுவலகத்துக்கு வந்த அடுத்த வருஷம், இந்தப் புள்ளி விஷயத்துக்குக் காப்புரிமை கேட்கலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. படிவத்தில் ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒரு கட்டம். சொடுக்கினால் கம்பெனி ஊழியர்களின் பேர்ப் பட்டியல் விரியும். கான்ட்ராக்ட் ஆட்கள் அந்தப் பட்டியலில் கிடையாது. நான் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பேரை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினேன், சாயங்காலம் வீட்டில் பாயசம்கூட வைத்தேன்.

காப்புரிமைக்குப் படம் வரைகிறவர் நான் கொடுத்த மாதிரிப் படத்தைப் பார்த்து, மூலையில் இருந்த குங்குமத்தையும் அச்சு அசலாக வரைந்துவிட்டார். படம் மூன்றில் ஒரு சின்ன வட்டம், அதற்கு எண் 27. விளக்கத்தில் ‘நிலை மாறும் அடையாளம்’ என்று எழுதியிருந்தது. போனில் அண்ணனிடம் சொன்னேன்.

“உங்க பொட்டுக்கு நம்பர் குடுத்திருக்காங்கண்ணா.”

“எனுக்கே இன்னும் ஐடி கார்டு குடுக்கல, பொட்டுக்குக் குடுத்துட்டாங்களா!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். யார் பேரில் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை. ஆயுத பூஜை முடிந்த வாரம். ஷிப்ட் முடிந்து வழக்கம்போலக் கை வந்தது, போய்ட்டு வரேன். மறுநாள் முகத்துவாரம் பக்கம் தனியாகப் படகில் போனார். படகு கிடைத்தது. வலை கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமையே ஆலையில் புது மேசை, புது கேமரா. பழைய மேசையைக் கேமரா, கம்ப்யூட்டரோடு ஸ்டோர் ரூமில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். அதிலிருந்து அதன் பிறகு ஒரு படமும் வரவில்லை. வராததால் இங்கே என் திரையில் அந்தக் கடைசிக் கை நின்றுவிட்டது. கடைசிப் படத்தை விடாதே என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே, சொன்னதைச் செய்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற காலம் வந்தபோது என் அலுவலகக் கம்ப்யூட்டரும் மேசையோடு என் வீட்டுக்கு வந்தது. அணைக்க மனசு வரவில்லை.

4

காப்புரிமை மனு ஆறு வருஷம் ஊறிவிட்டு நிராகரிக்கப்பட்டது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. எங்கள் வக்கீலம்மா நல்ல மனுஷி, ஆனால் அவளுக்குக் கேள்வி கேட்காமல் மூச்சு விட வராது. “இந்த 27 உனக்கு எப்படித் தோன்றியது? குழுவின் முன்னால் உன் வாயாலேயே சொல்ல வேண்டும்” என்றாள்.

எனக்குத் தோன்றவில்லை என்றேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த உண்மை வெளியே வந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அந்த மனிதர் எங்கே?”

என் ஜெர்மன் இக்கட்டான நேரத்தில்தான் காலை வாரும். கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று சொல்ல நினைத்து, அவர் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து போய் மூன்றாவதாக ஒரு காப்பிக் கோப்பையைக் கொண்டுவந்து காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காப்பி ஆறிப்போயிற்று. ரெண்டு பேரும் அதைத் தொடவில்லை.

கடைசியில் விஷயம் இப்படி வந்து நின்றது. தேசிங்கண்ணன் பேரைச் சேர்க்கலாம். ஆனால் அவர் கம்பெனி ஊழியர் இல்லை, அதனால் கம்பெனி பேரில் மனு நடக்க அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். அவர் இல்லை என்றால் வாரிசின் கையெழுத்து. வாரிசு என்று வந்தால் அவர் இறந்துவிட்டார் என்பதற்குக் காகிதம் வேண்டும்.

காகிதம் எங்கே இருக்கிறது? உடம்பே கிடைக்கவில்லை. காணாமல்போய் ஏழு வருஷம் ஆனால் மனைவி கோர்ட்டுக்குப் போய் அவர் இறந்ததாக அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த ஏழு வருஷம் போன ஆயுத பூஜை வாரத்தில் முடிய இருந்தது.

அவர் மனைவி கன்னியம்மா. அண்ணன் போன ரெண்டாம் வருஷம் அதே ஆலையில் பேக்கிங் பகுதிக்கு வேலைக்கு வந்தவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுவோம். நெற்றியில் பொட்டு, காலில் மெட்டி, எதையும் அவர் கழற்றவில்லை. ‘அவுரு இருந்தா’ என்று பேசமாட்டார், ‘அவுரு வந்தா’ என்றுதான் பேசுவார். அந்த அம்மாவிடம் போய், உங்க ஊட்டுக்காரர் செத்துட்டாருன்னு எழுதிக் குடுங்க, அப்பதான் அவர் பேரைப் போட முடியும் என்று எந்த வாயால் கேட்பது? மூன்று தடவை போனை எடுத்து, மூன்று தடவையும் மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். எனக்கு அவர் பேரைப் போட்டே ஆக வேண்டும், திருடினதைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும். அதற்கு அவரைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

அந்த நிலைமையில்தான் பொட்டு நகர்ந்தது.

5

மாடிப்படியிலிருந்து ஒரு வழியாக எழுந்து கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானம், சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டு விழுகிற சத்தம் கேட்டது.

“அண்ணி, ஆலையில பழைய கம்ப்யூட்டர யாராவது போட்டாங்களா?”

“ஆமா, உனுக்கு எப்டித் தெரியும்? பூஜைக்கு ஸ்டோர் ரூம தொறந்தோம். செத்த மெசினா இருந்தாலும் பூஜ அன்னிக்கி ஒரு வாட்டி ஓட்டி நிறுத்தணும்னு எலக்ட்ரீசியன் எல்லாத்தையும் போட்டான். அவுரு மேச அங்கதான் கீது. நான்தான் தொடச்சிட்டுப் பொட்டு வெச்சேன், அந்தக் கண்ணாடித் துண்டுல. ஒரு நிமிசம் ஓடிச்சி, அப்பறம் நிறுத்திட்டான்.”

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. “அதான பாத்தேன். நீங்க கைய வெச்சதும் இங்க வந்துடுச்சு.”

“கையா? நான் இன்னாத்துக்குக் கைய வெக்கறேன்? ஒரு கையில குங்குமக் கிண்ணம், ஒரு கையில பொரித் தட்டு. மேச காலியாத்தான இருந்துச்சி?”

மாடியறைக் கதவைத் திறந்து திரையை மறுபடி பார்த்தேன்.

“கை வந்துகுதா?” என்றார் கன்னியம்மா. குரல் மாறிவிட்டது.

“வந்திருக்கு.”

“யாரு கை?”

திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. நான் அவசரக் குடுக்கை, என் அம்மா சொன்னது சரிதான். அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடத்து இரைச்சல் மட்டும் கேட்டது.

“அவுருதான். சுண்டுவெரலு பாரு” என்றார் கடைசியில். “பொட்டு நான் நேத்து வெச்சது. பொட்டு நகுந்தா இப்ப எடுத்த படம்னு அவுருதான சொல்வாரு? அப்ப நேத்து நான் பொட்டு வெக்கச்சொல்ல அவுரு பக்கத்துல நின்னுகினு கைய வெச்சிகீறாரு. நான் பாக்கல.”

இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுங்கள் என்று இனி எப்படிக் கேட்பேன்? வைத்துவிட்டேன்.

6

ரெண்டு நாள் அந்த அறைக்குப் போகவில்லை. யாழினி மாடிப்படி விளக்கைப் பகலிலேயே போட்டு வைத்தாள். மூன்றாம் நாள் எனக்கே என்மேல் கோபம் வந்தது. அந்தப் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் எழுதினவள் நான். என் புரோகிராமைப் பார்த்து நானே பயந்தால் வேறு யார் என்னை மதிப்பார்கள்? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்த் திரை முன்னால் உட்கார்ந்தேன்.

பொட்டுக்குக் கீழே, நடுவிரல் நுனிக்கு மேலே, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே மேசையின் நிறம் வேறு, துருவேறின பழுப்பு. கீழே பழைய பளபளப்பு.

சனியனே என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் காலத்து மெதுவான இணைப்புக்காகப் படத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டையாக அனுப்புகிற மாதிரி எழுதியிருந்தேன். மேல் பட்டை வந்து சேர்ந்தது, அடுத்தது வருவதற்குள் எலக்ட்ரீசியன் நிறுத்திவிட்டான். மீதிக்குப் புரோகிராம் பழையதையே வைத்துக்கொண்டது. மேலே கன்னியம்மா பூஜை அன்று வைத்த பொட்டு. கீழே தேசிங்கண்ணன் ஏழு வருஷத்துக்கு முன் வைத்த கை. ரெண்டும் ஒரே படமாக நின்றுவிட்டன.

நிம்மதி வரவேண்டும், வரவில்லை. கன்னியம்மாவிடம் இதைச் சொல்லாமல் விட்டால் அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பார். சொன்னால் போய்விடுவார். நான் முன்பே ஒரு தடவை எழுந்து நின்று சொல்லாமல் இருந்தவள், ரெண்டு தடவை என்றுகூடச் சொல்லலாம். இதையும் மறைத்தால் நான் மனுஷி இல்லை.

போன் போட்டேன். கோட்டைப் பற்றிச் சொன்னேன். காப்புரிமையைப் பற்றியும், என் பேரை மட்டும் போட்டதைப் பற்றியும், வேண்டிய காகிதத்தைப் பற்றியும் ஒரே மூச்சில் கொட்டினேன். நடுவில் அழுதும் விட்டேன், வெட்கமாக இருந்தது.

கன்னியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“அப்ப மேல இருக்கறது நானு, கீழ இருக்கறது அவுரு” என்றார்.

“ஆமாண்ணி.”

“நடுவுல கோடு.”

“ஆமா.”

“சரி வை. பஸ்ஸு வந்திடுச்சி.”

பதினைந்து நாள் போன் இல்லை. பிறகு அவரே கூப்பிட்டார். “கோர்ட்டுல பேப்பர் குடுத்துட்டேன். உனுக்காவ இல்ல. அவுரு பொட்டுக்கு இன்னொருத்தி பேரா? அத்த மாத்து.”

அதன் பிறகு அவர் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். காணவில்லை என்று போலீசில் கொடுத்த பழைய மனுவின் நகல், குப்பத்தில் யாரும் பார்க்கவில்லை என்று ஊர்த்தலைவர் நாட்டார் கொடுத்த கடிதம், கிராம அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்கு நாலு நாள். காணாமல்போனவருக்கே கோர்ட் சம்மன் அனுப்பியது, வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். பேப்பரில் விளம்பரமும் போட்டார்கள். உயிரோடு இருந்தால் இன்ன தேதியில் வந்து ஆஜராக வேண்டும் என்று.

அந்தத் தேதியில் பொன்னேரி கோர்ட்டில் நடந்ததைக் கன்னியம்மா இப்படிச் சொன்னார்.

“டவாலி வராண்டாவுல வந்து நின்னு கூப்ட்டான். தேசிங்குன்னான். நான் குனிஞ்சிகினே இருந்தேன். மறுவாட்டியும் தேசிங்குன்னான், அப்பவும் குனிஞ்சிகினு இருந்தேன். மூணாவது வாட்டி தேசிங்குன்னான் பாரு, நான் வாசலத் திரும்பிப் பாத்துட்டேன்மா. மூணாவது வாட்டிக்கு வந்துடுவாரே. அவுருக்கு அதான வழக்கம்?”

“அப்பறம்?”

“வெய்யிலு இருந்துச்சி. ஒரு நாய் பட்துகினு இருந்துச்சி. அவ்ளதான். ஊட்டுக்கு வந்து ஒரு வாரம் அழுதேன். இப்ப சரியாப் போச்சி.”

சித்திரைக்குள் உத்தரவு வந்தது. சம்மதக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வீடியோவில் காட்டினார். நெற்றியில் பொட்டு இருந்தது. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “சர்க்காருக்குத்தான் அவுரு செத்தாரு. பொட்டு சின்னப் புள்ளைலேர்ந்து வெக்கறேன்.”

7

மேல்முறையீட்டு விசாரணை ஆனி மாசத்தில் நடந்தது. அதற்கு முன் ஒரு படிவம், சொன்னேனே, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம். கண்டுபிடித்தவரின் குடும்பப் பேர் ஒரு கட்டம், முதல் பேர் ஒரு கட்டம். நம்ம ஆட்களுக்கு ஏது ரெண்டு பேர்? அப்பா பேரின் முதல் எழுத்தைப் போட்டால் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது. காலியாக விட்டாலும் மறுத்தது. வெறுத்துப்போய் ரெண்டு கட்டத்திலும் தேசிங்கு என்றே எழுதினேன். பக்கத்தில் ‘இறந்தவர்’ என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன்.

விசாரணை அறை பெரிய கண்ணாடி அறை. எதிரே மூன்று பேர். தலைவர் வயசானவர், நிதானமாகப் பதிவுக்காகப் படித்தார். மனுதாரர் கம்பெனி, மனு எண், கண்டுபிடித்தவர்கள். என் பேரைச் சிதைத்துப் படித்தார். பிறகு படித்தார்.

“தேசிங்கு. தேசிங்கு.”

நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் விட்டு, கூப்பிடுகிற மாதிரியே. சத்தியமாகச் சொல்கிறேன், ஜெர்மன்காரர் வாயில் அந்தப் பேர் அத்தனை சுத்தமாக வந்தது. நான் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதில் என் முகம்தான் தெரிந்தது. தலைவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வாதம் நன்றாகத்தான் போயிற்று. 27 எப்படி வந்தது என்று கேட்டார்கள், குங்குமத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் ஒரு உறுப்பினர் சாதாரணமாக ஒரு கேள்வி போட்டார். “அப்படியானால் அடையாளம் நகர்ந்திருந்தால், முழுப் படமும் இப்போது எடுத்தது என்று நம்பலாம், இல்லையா?”

வக்கீலம்மா மேசைக்கடியில் என் காலை லேசாகத் தட்டினாள். அவளிடம் கோட்டைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். கேட்டால் தவிர சொல்லாதே என்றிருந்தாள். கேட்டுவிட்டார்களே.

“நம்ப முடியாது” என்றேன். “அடையாளம் உயிரோடிருக்கும், மீதிப் படம் பழசாக இருக்கும். என் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது.”

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்களே, நானே உடைத்தேன். மத்தியானம் தீர்ப்புச் சொன்னார்கள். மனுவில் சொல்லியிருக்கும் பலன் இந்த முறையில் முழுமையாகக் கிடைக்கவில்லை, மேல்முறையீடு தள்ளுபடி. கம்பெனியில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். தீர்ப்பின் முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்று அவர் பேர் அச்சாகியிருக்கிறது, என் பேருக்குப் பக்கத்தில். தோற்ற காகிதம்தான், ஆனால் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கன்னியம்மாவைக் கூப்பிட்டேன். தோற்றதைச் சொன்னேன். அதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“பேரு கூப்ட்டாங்களா?”

“கூப்பிட்டாங்கண்ணி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி.”

“எத்தினி வாட்டி?”

படிவத்தில் நான் எழுதினது அப்போதுதான் நெஞ்சில் இடித்தது. “ரெண்டு வாட்டி” என்றேன்.

“ரெண்டோட நிறுத்திட்டாங்களா?” என்றார். “நீ திரும்பிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாப்பே. ரெண்டோட வுட்டா அப்டித்தான். நான் மூணாவதும் கேட்டேன், வரல, முடிஞ்சிடுச்சி. நீயும் ஒரு வாட்டி கூப்ட்டுப் பாத்துடு பொண்ணு. பாத்தாதான் வுடும்.”

சாயங்காலம் மாடியறைக்குப் போனேன். ஆனி மாசத்தில் இங்கே இருட்டவே இருட்டாது, ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். திரையில் கை இருந்தது, மேலே பொட்டு, நடுவில் அந்தக் கோடு. எனக்குத் தெரியும் அது பழைய படம், என் கையால் எழுதின புரோகிராம், என் கண்ணால் பார்த்த கோடு. செத்துட்டார் என்று கட்டத்தில் டிக் போட்டவளும் நானேதான். கூப்பிட வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

பின்னால் யாழினி வந்து நின்றாள். பொட்டு நகர்ந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்து, என்ன செய்கிறாய் என்று தமிழிலேயே கேட்டாள். கை மாமாவைக் கூப்பிட வந்தேன் என்றேன். “கூப்பிடு” என்றாள்.

இன்னும் கூப்பிடவில்லை.